மாதவிடாய் நின்ற பின் தாம்பத்தியத்தில் வலி: நாட்டு மருந்து எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: கல்லிடை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மாதவிடாய் முற்றிலும் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு கணவருடன் உறவு கொள்ளும்போது பிறப்புறுப்பில் எரிச்சலும் கீறினாற்போன்ற வலியும் ஏற்படுகின்றன. மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் அந்த எரிச்சல் தொடர்கிறது. முன்பிருந்த விருப்பமும் குறைந்துவிட்டது. வலிக்குப் பயந்து விருப்பம் போயிற்றா, விருப்பம் போனதால் வலிக்கிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் கடிந்து பேசுகிறவர் அல்லர். ஆனாலும் நான் விலகிப் படுப்பதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டிருப்பாரோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் சாப்பிட்டு வருகிறேன். இருக்கிற மாத்திரைகளே போதும் என்று தோன்றுவதால், இதற்கு மூலிகையால் தீர்வு கிடைக்குமானால் நல்லது என்று நினைக்கிறேன். எதிர்வீட்டு மைனி தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சாப்பிடச் சொல்கிறார். திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தபோது, அமுக்கராவையும் நெருஞ்சில் முள்ளையும் பொடித்துப் பாலில் கலந்து குடித்தால் "எல்லாம் சரியாகும்" என்றார்கள். சீசனுக்குக் குற்றாலம் போய்வந்த என் தங்கை, சாலையோரத்தில் "பொதிகை மலை மூலிகை" என்று சொல்லி விற்ற ஒரு பொடியை வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பொட்டலத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஓர் எழுத்துகூட அச்சிடப்படவில்லை. இன்னோர் உறவினர் படிகாரம் கரைத்த நீரால் தினமும் கழுவச் சொல்கிறார்.

இவற்றில் எது உண்மையில் பயன் தரும், எது தீங்கு செய்யும், யாரிடம் காட்ட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் இதை வாய்விட்டுப் பேச இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

பதில்: ஹைகிரவுண்ட் செவிலி

சகோதரிக்கு வணக்கம். நான் மகளிர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலி. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன: வறட்சியால் வரும் வலி ஒன்று, விருப்பக் குறைவு மற்றொன்று. கடையில் கேட்டாலும் இணையத்தில் தேடினாலும் இரண்டுக்கும் ஒரே பொடியைத்தான் கையில் கொடுக்கிறார்கள். வலியின் காரணம் ஒரு குறிப்பிட்ட இடத்தின் தோலில் இருக்கும்போது, பாலில் கலந்து குடிக்கும் பொடி அந்த இடத்தில் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு.

மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராமலிருந்தால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடும் அந்தக் கட்டத்தில், அச்சுரப்பை நம்பியிருந்த யோனியின் உட்சுவர் மெலிந்து, மடிப்புகள் மறைந்து, நெகிழ்வும் ஈரமும் குறைகின்றன. சுவரின் செல்களில் சேர்ந்திருந்த கிளைக்கோஜனும் குறைவதால், அதை ஆதாரமாகக் கொண்டு லாக்டிக் அமிலம் உண்டாக்கிவந்த நல்ல பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சரிகிறது, முன்பு 3.5 முதல் 4.5 வரை இருந்த அமிலகாரக் குறியீடு (pH) 5-க்கு மேல் போகிறது; நீர்க்கடுப்பை உண்டாக்கும் கிருமிகள் அங்கே குடியேறுவது எளிதாகிறது. சிறுநீர்ப் பாதையின் தோலும் இதே சுரப்பை நம்பியிருந்ததுதான் என்பதால், மறுநாள் உங்களுக்கு ஏற்படும் எரிச்சல் வேறு நோயாக இருக்க வேண்டியதில்லை. யோனியையும் சிறுநீர்ப் பாதையையும் சேர்த்தே ஒரு தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று கருதி, 2014-இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் இந்நிலைக்குப் புதிய பெயரே வைத்தன. உடல் வெப்பப் பாய்ச்சலும் இரவு வியர்வையும் பெரும்பாலும் சில ஆண்டுகளில் தாமாகத் தணிந்துவிடும். வறட்சி அப்படித் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும்.

படிகார நீரை இன்றே நிறுத்துங்கள். படிகாரம், மாசிக்காய், கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்கள் தோலைச் சுருக்கி இறுக்கும் இயல்புடையவை. பிரசவத்துக்குப் பின் "இறுகுவதற்காக" அவற்றைப் பயன்படுத்திய பழக்கத்தை, ஏற்கெனவே மெலிந்து வறண்டிருக்கும் இடத்தில் தொடர்வது எரிகிற இடத்தில் மேலும் எரிச்சலைக் கூட்டுவதாகும். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்புறம் மட்டும்.

அடுத்தது உங்கள் மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றி வேலை செய்கிறது. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று ஏற்படுவது இம்மருந்தின் நன்கறியப்பட்ட பக்க விளைவு. அரிப்பும், திரிந்த தயிர் போன்ற வெள்ளைப்படுதலும், சிவந்த வீக்கமும் சேர்ந்திருந்தால் உங்கள் வலியில் ஒரு பகுதிக்குக் காரணம் பூஞ்சையாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் எந்த லேகியம் சாப்பிட்டும் பயனில்லை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை மருத்துவரிடம் இதைத் தயங்காமல் சொன்னால், தேவைப்படும் என்று அவர் கருதினால் மாற்று மருந்து தருவார்.

வறட்சிக்கு நேரடித் தீர்வு மூன்று வகையில் இருக்கிறது. உறவின்போது மட்டும் தடவும் வழுவழுப்புக் களிம்பு முதலாவது. நீர் அடிப்படையிலும் சிலிக்கோன் அடிப்படையிலும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, மருந்துச் சீட்டு வேண்டாம். வீட்டில் இருக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயையே பலர் பயன்படுத்துகிறார்கள். எரிச்சல் இல்லாதவரை அதில் பெரிய தவறு இல்லை, ஆனால் ரப்பர் ஆணுறையை எண்ணெய் சிதைத்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூலிகை சேர்த்துக் காய்ச்சிய தைலத்தை அங்கே தடவவே கூடாது. இரண்டாவது, உறவு உண்டோ இல்லையோ வாரத்தில் இரண்டு மூன்று முறை வைத்துக்கொள்ளும் ஈரப்பதக் களிம்பு. ஹயலுரோனிக் அமிலம் சேர்ந்தவை இவ்வகையில் நல்லவை. இவ்விரண்டும் போதாதபோது மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு மூன்றாவது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் தினமும் இரவிலும், பிறகு வாரத்தில் இரண்டு முறையும் என்று பொதுவாகத் தருவார்கள். முழுப் பயன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

ஹார்மோன் என்றதும் பயப்படுகிறவர்கள் பலர். 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகே அந்தப் பயம் பரவியது. அந்த ஆய்வு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த, வாய்வழி உண்ணும் மாத்திரையைப் பற்றியது. உள்ளே வைக்கும் குறைந்த அளவுக் களிம்பிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் மட்டும் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் மட்டும் பட்டாலும், "வறட்சியால் கீறியிருக்கும்" என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும் தோலில் வெள்ளைத் திட்டும் இருந்தால் அதுவும் தனி நோய். அதற்குரிய ஸ்டீராய்டு களிம்பு வேறு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் வெளிநோயாளர் பிரிவில் பெண் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். "தாம்பத்தியத்தில் வலிக்கிறது" என்ற ஒரு வரி போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பதில்: தென்காசித் தோழி

நான் தண்ணீர்விட்டான் லேகியத்தைச் சில மாதங்கள் சாப்பிட்டேன். உடல் சூடு தணிந்தது போலவும், தூக்கம் மேம்பட்டது போலவும் தெரிந்தது. வறட்சியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு மருத்துவர் கொடுத்த களிம்பால்தான் வலி நின்றது. வலி நின்ற பிறகு விருப்பமும் ஓரளவு திரும்பியது. அதற்கு லேகியமும் ஒரு காரணமா என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலியை எதிர்பார்த்தே உடல் இறுகிக்கொள்கிறது. தோல் சரியான பிறகும் இடுப்புத் தசைகள் அந்தப் பழக்கத்தை விடுவதற்குச் சிறிது காலம் ஆகும். அவசரமில்லாமல், உறவு என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் சில இரவுகள் அணைப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொண்டது எங்களுக்கு உதவியது. உங்கள் கணவர் கடிந்துகொள்ளாதவர் என்கிறீர்கள். அவரிடம் "எனக்கு வலிக்கிறது, உங்கள் மேல் வெறுப்பில்லை" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் தாமாக ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்.

பதில்: பாளை சித்த மருத்துவர்

அம்மா, செவிலி அக்கா எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்பவள் என்ற முறையில், நீங்கள் பெயர் குறித்த மூலிகைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீர்விட்டான் கிழங்கை நம் மருத்துவத்தில் உடற்சூடு, வெள்ளைப்படுதல், தாய்ப்பால் குறைவு ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறோம்; நெய்யாகவும் லேகியமாகவும் சூரணமாகவும் அது வழங்குகிறது. மரபில் நீண்ட காலம் வழங்கியதாலேயே மாதவிடாய் நின்ற பிறகு வரும் யோனி வறட்சிக்கு அது மருந்தாகிவிடாது. அதை நேரடியாகச் சோதித்த வலுவான ஆய்வு இல்லை. சோயா முதலிய தாவர ஈஸ்ட்ரோஜன்களைப் பற்றி 62 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய பகுப்பாய்வு, வெப்பப் பாய்ச்சலும் வறட்சியும் ஓரளவு குறைந்ததாகச் சொன்னது. ஆனால் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பலவற்றின் தரம் குறைவு என்பதையும் அதுவே சொன்னது. ஆகவே தண்ணீர்விட்டானைத் துணை மருந்தாகச் சாப்பிட விரும்பினால் மறுக்க மாட்டேன், முதல் மருந்தாகத் தர மாட்டேன்.

அமுக்கராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள். பெண்களின் விருப்பக் குறைவுக்கு அது உதவியதாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2015-ஆம் ஆண்டு ஆய்வில் ஐம்பது பெண்களே பங்கேற்றார்கள்; வயது வரம்பு 21 முதல் 50 வரை; கொடுக்கப்பட்டது வேர்ச் சாற்றின் செறிவு, 300 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, எட்டு வாரங்கள். மாதவிடாய் நின்று, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் நாட்டு மருந்துக் கடைப் பொடியைக் கரண்டிக் கணக்கில் சாப்பிடுவதற்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அமுக்கரா தைராய்டு சுரப்பின் அளவை உயர்த்தக்கூடியது, சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. அமுக்கராச் சூரணம் என்று சித்த மருந்துக் கடையில் வாங்கும் மருந்து வெறும் அமுக்கரா அன்று. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு என்று ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்காகச் சேரும் மருந்து அது. கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் சர்க்கரை. லேகியங்களிலும் வெல்லமோ கற்கண்டோ கருப்பட்டியோ அடிப்படைப் பாகாக இருக்கும். சர்க்கரை நோயாளியாகிய நீங்கள் அனுபானமாக, அதாவது மருந்தைக் குழைத்துச் சாப்பிடும் துணைப்பொருளாக, தேனையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் சென்றால் சர்க்கரை சேராத மாத்திரை வடிவமோ, தனிச் சூரணமோ தருவார்.

நெருஞ்சில் நம்மிடம் முதன்மையாக நீர்க்கடுப்புக்கான மருந்து. குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்போம், சிறுநீரைப் பெருக்கும். பெண்களின் விருப்பக் குறைவுக்கென்று அதைப் பிரேசிலில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் சோதித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. மருந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் ஒப்பீட்டுக்காகத் தந்த வெற்றுக் குளிகை (மருந்து சேராத போலி மாத்திரை) சாப்பிட்டவர்களுக்கும் பல அம்சங்களில் முன்னேற்றம் தெரிந்தது. விருப்பம் சார்ந்த ஆய்வுகளில் இது வழக்கமாக நிகழ்வது. ஒருவர் அக்கறையோடு கேட்கிறார், கணவரும் மனைவியும் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதே பாதி மருந்தாகிவிடுகிறது. "நான் சாப்பிட்டேன், குணமானது" என்ற சான்றுகளை வைத்துப் பொடி விற்பவர்களுக்கு இது வசதியான உண்மை.

வெந்தயம், சோம்பு பற்றி யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் அவற்றையும் தொட்டுவிடுகிறேன். வெந்தயச் செறிவை ஆஸ்திரேலியாவில் சோதித்தது மாதவிடாய் நிற்காத இளைய பெண்களிடம். சோம்புச் சாறு ஐந்து விழுக்காடு சேர்ந்த யோனிக் களிம்பை ஈரானில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் எட்டு வாரம் கொடுத்ததில் வறட்சி குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. அது மருந்தகத்தில் தயாரான களிம்பு. அதைப் படித்துவிட்டுக் கடையில் கிடைக்கும் சோம்பு எண்ணெயை உள்ளே தடவினால் புண்ணாகிவிடும்.

அதிமதுரத்தை மட்டும் உங்களுக்கு நேரடியாகவே வேண்டாம் என்கிறேன். "பெண்களுக்கான" கூட்டுப் பொடிகள் பலவற்றில் அது சேர்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டான் செய்யும் வேலைக்கு அது எதிர்.

இனி அந்தக் குற்றாலப் பொட்டலம். தூக்கி எறிந்துவிடுங்கள். உரிமம் பெற்ற சித்த மருந்தின் மேல் சேர்மானங்கள், உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை இருந்தாக வேண்டும். பெயர் தெரியாத பொடியில் பாதரசமோ ஈயமோ சேர்ந்த பற்பம் (புடமிட்ட சாம்பல் மருந்து) கலந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. முறையாக முடித்த பற்பத்தையும் செந்தூரத்தையும் நாங்களே எடைபோட்டு, நாள் கணக்கு வைத்துத்தான் கொடுக்கிறோம். இணையத்தில் விற்கும் ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தது. ஆண்மைப் பொடி என்று விற்பவற்றில் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உடலுறவு இன்பத்தைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; ஆகவே அப்படி விளம்பரம் செய்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறிவிடுகிறார்.

"பொதிகை மலை" என்ற பெயரையும் நம்ப வேண்டாம். அகத்தியர் மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே புகுந்து வேர் கிழங்கு பறித்து வந்து சாலையோரம் விற்க யாருக்கும் அனுமதி இல்லை. அமுக்கராவில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்து வயல்களில் விளைந்து மூட்டையாக வருவது. அது தாழ்ந்ததென்று சொல்லவில்லை. மலையின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் என்கிறேன்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வந்தால், நாடி பார்த்து, உங்கள் மாத்திரைச் சீட்டையும் பார்த்து, கட்டணமின்றி மருந்து தருவார்கள். ஹைகிரவுண்டில் மகளிர் பிரிவில் பரிசோதனை செய்துகொண்ட பிறகு அங்கே வருவது சரியான வரிசை.

பதில்: பாபநாசம் பெரியவர்

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் உடல் தானாகவே ஒன்றைக் குறைக்கிறது என்றால் அதற்கு மருந்து தேடுவானேன்? நம் வீட்டு ஆச்சிமார்கள் எந்தக் களிம்பும் இல்லாமல் பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழவில்லையா?

பதில்: ஹைகிரவுண்ட் செவிலி

ஐயா, விருப்பம் இல்லாதவர்கள் அப்படி வாழ்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. விருப்பம் குறைவதே ஒரு நோய் என்று நான் எழுதவும் இல்லை. அது அந்தப் பெண்ணுக்கு வருத்தம் தந்தால்தான் சிக்கல். ஆனால் வறட்சி உறவோடு மட்டும் தொடர்புடையதன்று. கணவரை இழந்து பல ஆண்டுகளாகத் தனியே வாழும் பெண்களும் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு, உட்கார்ந்தால் எரிச்சல், அவசரமாகச் சிறுநீர் வருதல் என்று எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே களிம்புதான் உதவியது. நம் ஆச்சிமார்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது; அவர்கள் சொல்லவில்லை என்பது மட்டுமே தெரியும்.

கல்லிடை வாசகி

அக்காவுக்கும் மருத்துவர் அம்மாவுக்கும் தென்காசித் தோழிக்கும் நன்றி. படிகாரத்தை நிறுத்திவிட்டேன், பொட்டலத்தையும் போட்டுவிட்டேன். அரிப்பும் வெள்ளைப்படுதலும் எனக்கு உண்டு, அதை வயதின் அறிகுறி என்றே எண்ணியிருந்தேன். அடுத்த வாரம் பாளையங்கோட்டை போகலாம் என்றிருக்கிறேன்; கணவரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன், அவரே துணைக்கு வருகிறார்.

ஒரு சிறிய ஐயம். பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். இடுப்புக்கும் கருப்பைக்கும் வலு என்பார்கள். இந்த வயதிலும் அதைச் சாப்பிட்டால் வறட்சிக்கு நல்லது என்று என் அத்தை சொல்கிறார். சாப்பிடலாமா?

பதில்: பாளை சித்த மருத்துவர்

உளுந்து நல்ல புரத உணவு. நல்லெண்ணெயும் சேர்வதால் நல்ல ஊட்டம். உணவாகச் சாப்பிடுங்கள், வறட்சிக்கு மருந்தாக எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு இடைஞ்சல் உளுந்தில் இல்லை, கருப்பட்டியில் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள், ஏறும். களிக்குப் பதிலாகக் கறுப்பு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்துக்கொள்ளுங்கள், சோற்றை அளவாக வைத்துக்கொண்டு.

வள்ளியூர் மருமகள்

இந்த உரையாடலிலேயே ஒன்று கேட்கலாமா? என் மைனிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதே வறட்சி, இன்னும் கடுமையாக. மூலிகை என்றால் பக்க விளைவு இராது என்று எண்ணித் தண்ணீர்விட்டான் லேகியம் வாங்கி வைத்திருக்கிறார்.

பதில்: ஹைகிரவுண்ட் செவிலி

லெட்ரோசோல் உடலில் எஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் உருவாகவிடாமல் தடுக்கும் மாத்திரை. புற்றுநோய் திரும்பாமல் காப்பது அந்தத் தடுப்புதான். வறட்சி கடுமையாக இருப்பதும் அதனால்தான். அவருக்கு முதல் வழி ஹார்மோன் சேராத ஈரப்பதக் களிம்பும், உறவின்போது வழுவழுப்புக் களிம்பும். வாரத்தில் இரண்டு முறை போதாமல் மூன்று முதல் ஐந்து முறைகூட ஈரப்பதக் களிம்பு தேவைப்படலாம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் மிகவும் நல்லது. ஈஸ்ட்ரோஜன் களிம்பு குறைந்த அளவானாலும் லெட்ரோசோல் சாப்பிடுகிறவருக்குப் புற்றுநோய் மருத்துவர் சம்மதமின்றிக் கூடாது. வலி தாங்க முடியவில்லை என்பதற்காக லெட்ரோசோலை அவராகவே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி மறைவாக விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்று மாத்திரை உண்டா என்று மருத்துவரிடமே கேட்கலாம்.

பதில்: பாளை சித்த மருத்துவர்

ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் என்று சொல்லித்தான் தண்ணீர்விட்டானை இந்த வயதுப் பெண்களுக்கு விற்கிறார்கள். அந்தக் கூற்று உண்மையானால் அவருக்கு அது ஆகாது. உண்மையில்லையானால் அவருக்கு அதனால் பயனில்லை. எப்படிப் பார்த்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். சோயாச் செறிவு மாத்திரை, அதிமதுரம் சேர்ந்த கூட்டுப் பொடி ஆகியவற்றுக்கும் இதுவே பதில். உணவில் சேரும் அளவுக்கு எள்ளோ சோயாவோ சாப்பிடுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். லேகியப் புட்டியைத் திறக்காமல், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு சேர்த்துப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.